தேய்ந்த கைக்குத் தேதி ஏது?

‘கை’ என்பது ஓரெழுத்து ஒருமொழி. அவ்வோரெழுத்துக்குள் தமிழர் அடக்கி வைத்த பொருள்கள் பல. உழைப்பைச் சொல்ல வந்தவர் கைத்தொழில் என்றனர். முதலைச் சொல்ல வந்தவர் கைப்பொருள் என்றனர். துணை செய்தலைக் கைகொடுத்தல் என்றும், பெற்ற உதவிக்குத் திரும்பச் செய்வதைக் கைம்மாறு என்றும், செய்வதறியாது நிற்கும் நிலையைக் கையறுநிலை என்றும் வழங்கினர். வாழ்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கையைக் கொண்டே அளந்த மொழி நம்முடையது. அம்மொழியைப் பயிற்றும் துறையின் மலரில், தொழிற்கூடங்களில் தேயும் கைகளைப் பற்றி எழுதுவது பொருத்தமற்றதாகாது என்று கருதுகிறேன். உழைத்துத் தேய்ந்த கைக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தொழிற்கூடத்தில் உடலுக்கு நேரும் கேடுகளை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, கணப்பொழுதில் நேர்வது. இயந்திரம் விரலை நசுக்குகிறது, இரத்தம் பெருகுகிறது, உடன் பணிபுரிவோர் ஓடி வருகின்றனர், பதிவேட்டில் நாளும் நேரமும் எழுதப்படுகின்றன. மற்றொன்று, ஓசையின்றி நேர்வது. ஒரே அசைவை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை செய்யும் கையில் தசைநாண் வீங்குகிறது, நரம்பு நெருக்குண்கிறது, பிடி தளர்கிறது. இங்கே இரத்தம் இல்லை, கண்ட சாட்சி இல்லை, குறிப்பிட்டுச் சொல்ல ஒரு நாளும் இல்லை. முன்னதற்கு இழப்பீடு உண்டு. பின்னதற்கு இழப்பீடு கேட்போர்க்கு வழக்கும் வாதமுமே மிஞ்சுகின்றன. இப்பின்னதைத் தொடர் அசைவுக் காயம் எனலாம். மருத்துவர்கள் ஆங்கிலச் சுருக்கமாக ஆர்.எஸ்.ஐ. என்பர்.

நோயின் இயல்பு

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து அமைத்த குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அவ்வழியேதான் கைக்குள் செல்கின்றன. ஓயாத அசைவினால் தசைநாண்களைச் சூழ்ந்த உறை வீங்கும்போது, அக்குறுகிய வழியில் இடம் போதாமல் நரம்பு நெருக்கப்படுகிறது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போகின்றன. மோதிரவிரலின் ஒரு பாதியும் உணர்விழக்கிறது. பகலில் பொறுத்துக்கொண்ட வலி இரவில் உறக்கத்தைக் கலைக்கிறது. நாளடைவில் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போவதும் உண்டு. இதுவே கார்பல் டனல் நோய். கட்டைவிரலை விரித்து நீட்டும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் வீங்கி வலிப்பது வேறொரு வகை. 1895ஆம் ஆண்டு அதனை விளக்கி எழுதிய சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டி குவெர்வெய்ன் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. தோள், முழங்கை, கழுத்து ஆகியவற்றில் தோன்றும் வகைகளும் உள.

இது கணிப்பொறிக் காலத்தில் தோன்றிய புதுநோய் என்று கருதுவாரும் உளர். அக்கருத்து வரலாற்றோடு பொருந்தாது. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தினோ ரமாசினி, தொழில்களால் வரும் நோய்களைத் தொகுத்து 1700ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் வினாக்களோடு, செய்யும் தொழில் யாது என்பதையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவரே. எழுத்தர்களின் கை ஒரே திசையில் ஓயாது அசைவதால் வலுவிழப்பதையும் அவர் பிற்காலத்தில் எழுதிச் சேர்த்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மருத்துவம் அறிந்துகொண்ட ஒன்றைச் சட்டம் இன்னும் தயங்கித் தயங்கியே நோக்குகிறது என்பதுதான் வருந்தத்தக்கது.

ஒரு சிறு கணக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் தொழிலும் காலணித் தொழிலும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. ஊரார் ஷூ கம்பெனி என்று அழைக்கும் அத்தொழிற்கூடங்களில் பெண்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிகின்றனர். தோலின் ஓரத்தைச் சீவுதல், பசை தடவுதல், மடித்துத் தட்டுதல், அப்பர் தைத்தல், நூற்பிசிறு வெட்டுதல் என ஒரு காலணி பல கைகளைக் கடந்து உருவாகிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் வேலைப்பிரிவினை இத்தகையதே. ஒருவருக்கு ஒரு வேலை. அவ்வொரு வேலைக்குள் ஓரிரு அசைவுகள். நாள் முழுவதும் அவையே.

எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு ஒரு துண்டு வீதம் தைக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 480 துண்டுகள். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று கொண்டால் 1,44,000 துண்டுகள். பத்தாண்டுகளில் 14,40,000. ஒவ்வொரு துண்டுக்கும் மணிக்கட்டை நான்கு முறை திருப்புவதாகக் கொண்டால், பத்தாண்டுகளில் அக்கை 57,60,000 முறை திரும்பியிருக்கும். மிகைநேர வேலையை இக்கணக்கில் சேர்க்கவில்லை. இத்தனை அசைவுகளில் எந்த அசைவு விபத்து? எது காயம்? இவ்வினாவுக்கு விடை கூறவல்லார் எவருமிலர். ஆயின், இவ்வினாவுக்கு விடை கூறினால்தான் இழப்பீடு என்று சட்டம் நிற்கிறது.

நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருள் இத்தகைய தொழிற்கூடங்களில் உழைப்போரின் பிள்ளைகள் பலர். கட்டணச் சலுகை விண்ணப்பத்தில் கையொப்பமிட வந்த தாய் ஒருவர், பேனாவைப் பிடிக்குமுன் வலக்கையை இடக்கையால் நெடுநேரம் பிசைந்துகொண்டிருந்தார். என்னம்மா கைக்கு என்று வினவினேன். “மரத்துப் போச்சு சார். ராத்திரியெல்லாம் குடைச்சல். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். வெட்டுப்பட்டா எழுதலாம்மா, வலிக்குதுன்னா என்னன்னு எழுதுறதுன்னு கேக்குறாரு” என்றார். அம்மேற்பார்வையாளரைக் கடிந்துரைப்பதில் பயனில்லை. நாட்டின் சட்டம் எதனைச் சொல்கிறதோ அதனையே அவர் தம் மொழியில் சொல்லியிருக்கிறார்.

சட்டம் கேட்கும் தேதி

நம் நாட்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தினால் உண்டான காயத்துக்கே இழப்பீடு என்பது அதன் அடிப்படை. நோய்களுக்கு மூன்றாம் அட்டவணை என்றொரு பட்டியல் தனியே வகுக்கப்பட்டது. ஈயம், பாதரசம், பென்சீன், குரோமியம் போன்ற நச்சுப் பொருள்களால் வரும் நோய்கள், இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு, பஞ்சுத் தூசியாலும் கல்தூசியாலும் கல்நாராலும் வரும் நுரையீரல் நோய்கள் முதலியன அப்பட்டியலில் இடம்பெற்றன. தொடர் அசைவால் கைக்கு வரும் நோய் அதில் இடம்பெறவில்லை.

பட்டியலில் இல்லாத நோய்க்கு யாது வழி? அந்நோய் ஒரு குறிப்பிட்ட விபத்துக் காயத்தின் நேர்விளைவு என்று மெய்ப்பித்தாலன்றி இழப்பீடு இல்லை என 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு தெளிவாகவே கூறியது. குறிப்பிட்ட விபத்து என்றால் குறிப்பிட்ட நாள் வேண்டும். தேய்ந்த கைக்குத் தேதி ஏது?

தொழிலாளர் பலர் இ.எஸ்.ஐ. எனப்படும் அரசுக் காப்பீட்டின்கீழ் வருகின்றனர். அவர்தம் நிலையும் வேறன்று. 1948ஆம் ஆண்டின் அச்சட்டமும் வேலைக்காயம் என்பதற்கு விபத்து அல்லது பட்டியலிட்ட தொழில்நோய் என்றே பொருள் வரைந்தது. அதன் பட்டியலிலும் இந்நோய் இல்லை. இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மருந்து கிடைக்கும். நோய்விடுப்புக்கு உதவித்தொகையும் கிடைக்கும். ஆயின் அவை எவர்க்கும் வரக்கூடிய பொதுநோய்க்கு உரியன. வேலையால் வந்த ஊனம் என்னும் ஏற்பும், அதற்குரிய உயர்ந்த உதவித்தொகையும் கிட்டுவதில்லை. காய்ச்சலில் படுத்தவரும் கை தேய்ந்தவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர்.

2020ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. முற்கூறிய இரு சட்டங்களும் அதனுள் அடங்கின. நூற்றாண்டு பழைய சட்டத்தைப் புதுக்கி எழுத அரிய வாய்ப்பு அது. எனினும் தொழில்நோய்ப் பட்டியல் பெரும்பாலும் பழைய வடிவிலேயே படியெடுக்கப்பட்டது. பெயர் புதிது, பட்டியல் பழையது.

இதனோடு மற்றொன்றையும் ஒப்பிட்டுக் காணுதல் நலம். எந்த உறுப்பு எவ்வளவு இழந்தால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை விழுக்காடு இழப்பு எனச் சட்டம் விரிவாக அட்டவணையிட்டுள்ளது. கட்டைவிரலை முழுதும் இழந்தால் 30 விழுக்காடு. சுட்டுவிரலை முழுதும் இழந்தால் 14 விழுக்காடு. வெட்டுண்ட விரலுக்கு மதிப்பு உண்டு. ஐந்து விரலும் இருந்தும் ஒரு தேநீர்க் குவளையைப் பிடிக்க இயலாத கைக்கு அவ்வட்டவணையில் இடமில்லை. இருக்கும் விரல் இயங்காவிட்டால் அது இருந்தும் இல்லாததே என்பதை அறியப் பெரிய மருத்துவ அறிவு வேண்டியதில்லை.

எறும்பும் கல்லும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் பழமொழி. விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக மாணவர்க்கு அதனைச் சொல்லி வருகிறோம். அதனைக் கல்லின் பக்கம் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல் தேய்ந்திருப்பது கண்கூடு. எறும்புகள் அதன்மேல் ஊர்ந்ததும் உண்மை. எந்த எறும்பு, எந்த நாளில், எந்தத் துகளைப் பெயர்த்தது என்று கேட்டால் கல் எவ்வாறு விடை கூறும்?

சட்டத்தின் இக்கேள்வி ஆங்கில நாட்டில் பிறந்தது. விபத்து என்னும் சொல்லுக்குப் பொருள் காண நம் நீதிமன்றங்கள் ஆங்கிலத் தீர்ப்புகளைப் பெரிதும் துணைக்கொண்டன. 1948ஆம் ஆண்டு ஒரு பலகைக்கல் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் நோய் பற்றிய வழக்கில் ஆங்கிலப் பிரபுக்கள் அவை ஒரு கோட்டை வரைந்தது. தனித்தனியே சுட்டத்தக்க நிகழ்ச்சிகளால் வருவது விபத்து; நாள்தோறும் தொடர்ந்து நடக்கும் ஒரு போக்கினால் வருவது விபத்தன்று என்பது அக்கோடு. சட்ட நூலோர்க்கு இவ்வேறுபாடு தெளிவாகத் தோன்றலாம். துன்புறும் உடலுக்கு இவ்வேறுபாடு இல்லை. ஒரே அடியில் உடைந்தாலும் இலட்சம் அடியில் உடைந்தாலும் உடைந்தது உடைந்ததே.

இதில் ஒரு வியப்பும் உண்டு. இயந்திரம் தேய்வதை நம் கணக்கியல் நன்கு அறியும். தேய்மானம் என்று ஆண்டுதோறும் ஒரு தொகையைக் கணக்கில் கழிக்கின்றனர். வருமான வரித்துறையும் அதனை ஏற்கிறது. தையல் இயந்திரம் எந்த நாளில் தேய்ந்தது என்று எந்த அலுவலரும் கேட்பதில்லை. ஓடியது, ஆதலால் தேய்ந்தது என்பதே போதுமான சான்றாகிறது. அவ்வியந்திரத்தின்முன் அமர்ந்து அதனோடு ஓடிய கைக்கு மட்டும் நாளும் நேரமும் சாட்சியும் வேண்டப்படுகின்றன.

பிற நாடுகள் கண்ட வழி

இச்சிக்கலுக்குப் பிற நாடுகள் விடை காணாமல் இல்லை. ஆங்கில நாட்டின் 1906ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோய்களையும் உள்ளடக்கியது. தொடக்கத்தில் ஆறு நோய்களே பட்டியலில் இருந்தன. 1908ஆம் ஆண்டில் தந்தி அடிப்போர் கைகளில் தோன்றும் பிடிப்பும் சேர்க்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் புதிய திட்டத்தில் கையின் தசைநாண் வீக்கமும் இடம்பெற்றது. அதிர்வுக் கருவிகளால் வரும் கார்பல் டனல் நோய் 1993இல் ஏற்கப்பட்டது. மணிக்கட்டை மீண்டும் மீண்டும் மடக்கி நிமிர்த்தும் வேலையால் வருவது 2007இல் ஏற்கப்பட்டது. ஒரு நூற்றாண்டாக அப்பட்டியல் வளர்ந்து வந்துள்ளது.

பிரான்சு நாட்டின் முறை இன்னும் தெளிவானது. அங்கே தொழில்நோய்களுக்கு எண்ணிட்ட அட்டவணைகள் உள. 1972இல் உருவாகிப் பின்னர் விரிவாக்கப்பட்ட 57ஆம் அட்டவணை, வேலையின் அசைவுகளாலும் உடல்நிலைகளாலும் மூட்டுகளைச் சூழ்ந்து வரும் நோய்களுக்கு உரியது. ஒரு பத்தியில் நோய். அடுத்த பத்தியில், வேலையை விட்ட எத்தனை நாளுக்குள் அது வெளிப்பட வேண்டும் என்னும் வரையறை. மூன்றாம் பத்தியில் அந்நோயை உண்டாக்கும் வேலைகள். மூன்றும் பொருந்தினால் நோய் வேலையால் வந்தது என்றே கொள்ளப்படும். தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அந்நாட்டில் ஏற்கப்படும் தொழில்நோய்களுள் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை இத்தகைய தசை, மூட்டு நோய்களே. பட்டியலில் ஒரு நோய்க்கு இடம் கிடைத்ததும் அது எவ்வளவு பரவலானது என்பது வெளிச்சத்துக்கு வருகிறது. இடமில்லாத நாட்டில் அந்நோய் இல்லாதது போலவே தோன்றுகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப்பிரிவே உண்டு. மணிக்கட்டின் தசைநாண் வீக்கமும், முழங்கை நோயும், கார்பல் டனல் நோயும் அதில் பெயர் சுட்டிக் கூறப்பட்டுள்ளன. அவ்வமைப்பில் 1919 முதல் உறுப்பினராக இருக்கும் நாடு நம்முடையது.

மறுப்பும் விடையும்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் கருத்துகளையும் நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் கடன்.

வலி கண்ணுக்குப் புலப்படாதது. பொய்யாகவும் கூறலாம் என்பது முதல் மறுப்பு. 1993ஆம் ஆண்டு இலண்டனில், ஒரு செய்தி நிறுவன ஊழியர் தொடுத்த வழக்கைத் தள்ளிய நீதிபதி ஒருவர், ஆர்.எஸ்.ஐ. என்பதற்கு மருத்துவ நூல்களில் இடமே இல்லை என்னும் கருத்துப்படத் தீர்ப்புரைத்தார். அப்பொதுப்பெயர் தளர்வானது என்பது உண்மையே. ஆயின் அதனுள் அடங்கும் கார்பல் டனல் நோயும் தசைநாண் வீக்கமும் திட்டமாக வரையறுக்கப்பட்டவை. நரம்பின் வழியே உணர்வு செல்லும் விரைவைக் கருவியால் அளக்க முடியும். பொதுப்பெயரை விடுத்துத் திட்டமான நோய்ப்பெயர்களைப் பட்டியலில் சேர்த்தால் இம்மறுப்பு வலுவிழந்துவிடும்.

நீரிழிவு, தைராய்டு குறைபாடு, மகப்பேற்றுக் காலம் ஆகியவற்றாலும் கை மரத்துப்போகும். வீட்டில் துவைப்பதும் அரைப்பதும் கைகளைத் தேய்க்கும். அனைத்தையும் முதலாளியின் தலையில் சுமத்தலாமா என்பது இரண்டாம் மறுப்பு. இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் நாளில் எட்டு மணி நேரம் வேகத்தையும் இலக்கையும் வேறொருவர் வகுக்க உழைக்கும் கைக்கும், தன் விருப்பப்படி இடையிடையே ஓயும் கைக்கும் வேறுபாடு உண்டு. வேலையே முழுக்காரணம் என்று காட்ட வேண்டியதில்லை, துணைக்காரணமாக இருப்பினும் போதும் என்பது இழப்பீட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் ஏற்றுவந்த நெறி. நேரடிச் சான்று இன்றியமையாததன்று, சூழ்நிலைகளிலிருந்தும் முடிவு காணலாம் என்று 1969ஆம் ஆண்டு ஒரு கப்பல் தொழிலாளி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்பவருடையது என்று அத்தீர்ப்பே கூறிற்று. அன்று இழப்பீடும் கிட்டவில்லை. கூலிக்கு உழைப்பவர் அப்பொறுப்பைத் தனித்துச் சுமக்க வல்லரா என்பதே நாம் கேட்க வேண்டியது. வேலைப்பதிவேடு அவரிடம் இல்லை. உற்பத்திக் கணக்கு அவரிடம் இல்லை. அவரிடம் இருப்பது வலிக்கும் கை ஒன்றே.

சிறு தொழிற்கூடங்கள் இச்செலவைத் தாங்கமாட்டா என்பது மூன்றாம் மறுப்பு. இம்மலரைப் படிக்கும் பெரியோருள் தொழில் நடத்துவோரும் உளர். பலருக்கு வேலை கொடுத்து, கல்விக்கும் கொடை தந்து வரும் அவர்கள்முன் இதனைத் தனியே எடுத்துரைக்க விரும்புகிறேன். இ.எஸ்.ஐ.யின்கீழ் வரும் தொழிற்கூடத்தில் முதலாளி ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் 2019 ஜூலை முதல் செலுத்தி வருகின்றனர். இந்நோய் பட்டியலில் சேர்ந்தால் ஊன உதவித்தொகை அந்நிதியிலிருந்தே வழங்கப்படும். முதலாளி தம் பையிலிருந்து தனியே எடுத்துத் தர வேண்டியதில்லை. காப்பீடு இல்லாத இடங்களில் செலவு உண்டு என்பது உண்மை. ஆயின் அச்செலவு இன்று இல்லாமற் போய்விடவில்லை; அதனைத் தொழிலாளியின் குடும்பம் செலுத்திக்கொண்டிருக்கிறது. தேர்ந்த கை ஒன்று வேலையை விட்டு நின்றால் புதிய கையைப் பழக்க ஆகும் இழப்பைத் தொழில் நடத்துவோர் நன்கு அறிவர். உழைத்தவர்க்குக் கூலியைக் காலந்தாழ்த்தாது கொடுப்பதைக் கடமையாகப் போற்றும் சமுதாயம் நம்முடையது. கூலி அன்றைய உழைப்புக்கு ஈடாகலாம். அவ்வுழைப்பில் தேய்ந்த கைக்கு ஈடாகாது.

செய்யத்தக்கவை

முதலாவது, பட்டியல் திருத்தப்பட வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் புதுச்சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து, அரசிதழ் அறிவிக்கை வாயிலாகத் தொழில்களையும் அவற்றுக்குரிய நோய்களையும் பட்டியலில் சேர்க்கும் அதிகாரத்தை 1923ஆம் ஆண்டுச் சட்டமே நடுவணரசுக்கும் மாநில அரசுக்கும் அளித்தது. புதிய தொகுப்பும் அவ்வழியைக் கைவிடவில்லை. அப்பர் தைத்தல், ஆடை தைத்தல், ஓரம் சீவுதல், பிசிறு வெட்டுதல் என வேலைகளைப் பெயர் சுட்டி, இத்தனை காலம் இவ்வேலை செய்தவர்க்கு இந்நோய் வந்தால் அது வேலையால் வந்ததே எனக் கொள்ளலாம். வேறு காரணத்தால் வந்தது என்று காட்டும் வாய்ப்பு முதலாளிக்கு இருக்கட்டும். மெய்ப்பிக்கும் சுமை மட்டும் இடம் மாறட்டும்.

தேதி இல்லையே என்னும் தடைக்கும் அப்பழைய சட்டத்திலேயே விடை உண்டு. பட்டியலில் உள்ள நோய்க்கு, அந்நோயினால் தொடர்ந்து வேலைக்கு வர இயலாது போன நாள்களுள் முதல் நாளையே விபத்து நடந்த நாளாகக் கொள்க என்பது அதன் பத்தாம் பிரிவில் அமைந்த விதி. நாளில்லாத நோய்க்கு நாள் குறிக்கச் சட்டம் அறியாமல் இல்லை. ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் அறிந்திருந்ததை ஊசிக்கும் கத்தரிக்கோலுக்கும் மறுத்துவிட்டது, அவ்வளவே.

இரண்டாவது, பதிவேடு. 1995ஆம் ஆண்டு கல்நார்த் தொழிலாளர் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகளோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேடுகளைக் காக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. மெல்லத் தாக்கும் நோய்க்குப் பதிவேடே சாட்சி. காலணி, ஆடைத் தொழிற்கூடங்களிலும் கைவலி குறித்த முறையீடுகளை எழுதி வைக்கும் வழக்கம் வர வேண்டும். இரத்தம் வந்தால்தான் எழுதுவது என்னும் நிலை மாற வேண்டும்.

மூன்றாவது, வருமுன் காத்தல். இரண்டு மணிக்கொரு முறை வேலையை மாற்றித் தருதல், சிறு இடைவேளைகள், மேசையும் இருக்கையும் அவரவர் உயரத்துக்கேற்ப அமைதல், மழுங்கிய கத்தரிக்கோல்களை உடனுக்குடன் தீட்டித் தருதல் ஆகியன பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. மழுங்கிய கத்தரிக்கோல் துணியைவிட விரலையே மிகுதியாக வெட்டுகிறது எனலாம்; வெட்டு வெளியே தெரிவதில்லை.

நான்காவது, வீட்டிலிருந்து உழைப்போர். நெல்லைப் பகுதியிலும் வேலூர்ப் பகுதியிலும் பீடி சுற்றும் பெண்கள் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுகின்றனர். இலை வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டி, முனை மடக்கும் விரல்கள் ஆயிரம் முறை அதே அசைவைச் செய்கின்றன. வீட்டில் உழைப்பதால் அவர்கள் தொழிலாளர் அல்லர் என்னும் வாதத்தை 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் மறுத்தது; 1974இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. திண்ணையில் தேய்ந்தாலும் கை கைதான். பட்டியல் திருத்தப்படும்போது அவ்விரல்களை மறத்தலாகாது.

தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன பங்கு என்று மாணவர்கள் கேட்கலாம். பெரும்பங்கு உண்டு. மருத்துவரிடம் செல்லும் தொழிலாளி மரப்பு, குடைச்சல், விறுவிறுப்பு, கடுப்பு, பிடிப்பு என ஒவ்வோர் உணர்வையும் வெவ்வேறு சொல்லால் நுட்பமாகச் சொல்கிறார். விண்ணப்பத்தில் அவையனைத்தும் வலி என்னும் ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. பல நேரங்களில் தொழில் யாது என்னும் இடமே வெற்றாக விடப்படுகிறது. உங்கள் இல்லத்திலோ தெருவிலோ இத்தகைய கையுடையார் இருப்பின், அவருடன் அமர்ந்து ஒரு தாளை எடுங்கள். எந்த ஆண்டு வேலையில் சேர்ந்தார், எந்த வேலை, நாளொன்றுக்கு எத்தனை துண்டு, எந்த விரலில் எப்போது முதல் மரப்பு, எந்த மருத்துவரை எந்நாளில் கண்டார் என்பவற்றை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். மருத்துவச் சீட்டில் தொழிலையும் குறிக்குமாறு மருத்துவரை வேண்டுங்கள். அதன் படி ஒன்றைத் தொழிற்கூடத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். இன்றைய பட்டியலில் இடமில்லாவிடினும், நாளை அது திருத்தப்படும்போது இத்தகைய தாள்களே சான்றாக நிற்கும். சான்று இல்லை என்று சொல்லியே இதுகாறும் கதவு அடைக்கப்பட்டு வந்திருக்கிறது. சான்றை எழுதித் தரும் கல்வி நம்மிடம் இருக்கிறது.